பனிக்காலத்தில் கைமாறிய வீடு

வீடு கட்டுவது எப்படி என்று நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மகள் பிறந்த அன்றிலிருந்தே கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கிவிடுகின்ற சமூகம் நம்முடையது. ஆனால் அதே வீட்டை ஒரு நாள் விற்க நேரிடலாம், அதுவும் கையில் காசு குறைந்திருக்கும் நேரத்தில், வானிலையும் சரியில்லாத மாதத்தில் விற்க நேரிடலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. விற்பதென்றால் அது ஆண்களின் வேலை, தரகரின் வேலை என்று இருந்துவிடுகிறோம். உண்மையில், விற்பனைக்கு முந்திய வேலைகளில் முக்கால் பங்கு வீட்டுக்காரியின் கையில்தான் இருக்கின்றது.

அன்பு வாசக சகோதரிகளே! இம்முறை உங்களை வெகு தூரம் அழைத்துச் செல்லப் போகிறேன். கம்பளிச் சட்டையையும் காலுறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மாநகரின் வடமேற்கே, ஹரோ என்னும் ஊரில், 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு வீடு விற்பனைக்குத் தயாரான விதத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

ரயில் கொண்டுவந்த ஊர்

ஹரோ என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது குன்றின் மேல் இருக்கும் பழைய பாடசாலை. 1572இல் ஆரம்பிக்கப்பட்டது. சர் வின்ஸ்டன் சேர்ச்சிலும் பண்டித நேருவும் படித்த இடம். குன்றின் உச்சியில் புனித மரியாள் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் வெகு தொலைவிலிருந்தே தெரியும். ஆனால் நாம் பார்க்கப் போகும் ஹரோ குன்றின் மேல் இல்லை, கீழே இருக்கின்றது.

1880இல் மெட்ரோபொலிட்டன் ரயில் பாதை ஹரோவை வந்தடைந்தது. அதற்கு முன் இங்கெல்லாம் வயல்களும் புல்வெளிகளும்தான். ரயில் கம்பனி தன் பாதையோரக் காணிகளில் வீடுகளைக் கட்டியது. 1915ஆம் ஆண்டிலிருந்து இப்பிரதேசம் முழுவதற்கும் 'மெட்ரோலேண்ட்' என்று ஒரு பெயரைச் சூட்டி, புகை நிறைந்த லண்டனை விட்டு வெளியே வாருங்கள், தோட்டத்தோடு வீடு வாங்குங்கள் என்று விளம்பரம் செய்தது. 1920களிலும் 30களிலும் வீதி வீதியாக வீடுகள் எழுந்தன. இரண்டு வீடுகள் நடுச்சுவரால் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல நிற்கும். முன்புறம் வளைந்து புடைத்த யன்னல், மேலே சிவப்பு ஓடு, பின்னால் நீளமான தோட்டம். மேல்மாடியில் இரண்டு பெரிய அறைகளும், வாசலுக்கு நேர் மேலே ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும் மட்டுமே கொள்ளக்கூடிய சின்னஞ்சிறு மூன்றாவது அறையும் இருக்கும். ஒரு வீட்டைப் பார்த்தால் ஆயிரம் வீட்டைப் பார்த்த மாதிரி.

இன்று இந்த வீடுகளில் பல நாட்டவர் வாழ்கின்றனர். நம் நாட்டவரும் நிறையவே இருக்கின்றனர். கடைத்தெருவில் மாசியும் சம்பா அரிசியும் கிடைக்கும். இலங்கை முஸ்லிம்களுக்கென ஒரு கலாசார நிலையமும் தென் ஹரோவில் உண்டு. நான் தங்கியிருந்த வீடு என் பெரியம்மாவின் மகளுடையது. நான் 'ராத்தா' என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடம் அந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவர்.

ஏன் இந்தக் குளிரில்?

வீடு விற்பவர்கள் சாதாரணமாக வசந்த காலம் வரை காத்திருப்பார்கள். மரம் துளிர்த்து, தோட்டத்தில் பூப்பூத்து, மாலை எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும் காலத்தில் வீடு தானாகவே அழகாகத் தெரியும். ராத்தாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவரது கணவர் அந்த ஆண்டு ஜூலை மாத ஆரம்பத்தில் மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா முடியும்போது நவம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் சிறியதொரு மாடி வீடு கிடைக்க இருந்தது. அதன் சொந்தக்காரர் கோடை வரை காத்திருக்கத் தயாரில்லை. மூன்று அறை வீட்டைத் தனியாகச் சூடாக்கி வைப்பதற்கு வரும் எரிவாயுக் கட்டணமும் கையைக் கடித்தது.

இன்னொன்றும் இருந்தது. வீட்டை இருவர் பெயரிலும் எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தின் சட்டத்தில், கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர்களாக இருந்தால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவரைச் சேர்ந்துவிடும். சட்டம் முழுவதையும் ராத்தாவுக்கே கொடுத்திருந்தது. அவரோ, "அவருடைய பாதியில எனக்கு எட்டில் ஒன்றுதான். மிச்சம் புள்ளைகளுக்கு உரியது" என்று சொல்லிவிட்டார். மச்சானின் பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டதால் பங்கு பிரிப்பதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் பங்கைப் பிரித்த பின் மிஞ்சும் தொகையில்தான் அவர் அந்த மாடி வீட்டை வாங்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு பவுணும் கணக்கு. வீட்டைத் திருத்துவதற்கென அவர் ஒதுக்கியது ஐந்நூறு பவுண் மட்டுமே. கட்டட வேலை செய்பவர்களை அழைத்தால் ஓர் அறைக்கே போதாத காசு அது!

வெளிச்சத்தைத் துரத்திப் பிடித்தல்

இலங்கையில் டிசம்பரிலும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். லண்டனில் அந்த மாதத்தில் 8 மணி நேரம்கூட இல்லை. காலை எட்டு மணியளவில் விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நான்கு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடுவதால், ஒரு வேலையைத் தொடங்கினால் முடிப்பதற்குள் இருட்டு வந்து நிற்கும்.

இதனால் வீட்டு வேலைகளை இரண்டாகப் பிரித்தோம். யன்னல் துடைத்தல், சுவர் பார்த்தல், பெயின்ட் பூசுதல் ஆகியவை பகலுக்கு. அலுமாரி ஒழுங்கு செய்தல், கடதாசி தேடுதல், துணி அடுக்குதல் இரவுக்கு. வீடு பார்க்க வருபவர்களுக்கும் பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மட்டுமே நேரம் கொடுக்கும்படி தரகரிடம் சொன்னோம். இருட்டில் பார்க்கப்படும் வீடு குகை மாதிரித்தான் தெரியும்.

வெளிச்சத்துக்காகச் செலவழித்தது மிகச் சொற்பம். யன்னல் கண்ணாடிகளை வெளியிலும் உள்ளிலும் வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தோம். தடித்த திரைச்சீலைகளைக் கழுவி, யன்னலை மறைக்காதபடி ஓரத்துக்கு ஒதுக்கிக் கட்டினோம். முன்புறத்தை அடைத்துக்கொண்டிருந்த செடியை வெட்டிக் குறைத்தோம். மங்கிப்போன மின்குமிழ்களை மாற்றி, இருண்ட மூலைகளில் மேசை விளக்கு வைத்தோம். மாடிப்படியின் மேலே எரியாமலிருந்த ஒரு குமிழை மாற்றியவுடன் அந்த வீடே ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகின்றது?

குளிர்நாட்டு வீடுகளின் பெரிய எதிரி குளிரல்ல, ஈரம். நீங்கள் ஐஸ் தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்தால் அதன் வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? அதுவேதான் அந்த வீட்டுச் சுவர்களிலும் நடக்கின்றது. சமைக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, ரேடியேட்டர் மேல் காயப்போட்ட துணி, ஏன், நாம் விடும் மூச்சிலுள்ள ஈரம்கூட உள்ளே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, குளிர்ந்த வெளிச்சுவரிலும் யன்னலிலும் நீராக இறங்குகின்றது. அந்த ஈரத்தில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கின்றது.

நம்மவர்கள் குளிருக்குப் பயந்து எல்லா யன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். அதுதான் வினை. வெளிக்காற்று ஈரமாகத் தோன்றினாலும், குளிர்ந்த காற்றிலே தங்கக்கூடிய நீராவி மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடுகின்றது. ஆகவே காலையில் பத்து நிமிடம் எதிரும் புதிருமாக இரண்டு யன்னல்களைத் திறந்துவிட்டாலே வீட்டின் ஈரம் வெளியேறும். சமைக்கும்போது குசினிக் கதவை மூடி, காற்றிழுக்கும் விசிறியைப் போடவேண்டும். சட்டிக்கு மூடி வேண்டும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விடவேண்டும். ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

வீட்டை ஒரு நேரம் கொதிக்கவிட்டு ஒரு நேரம் உறைய விடுவதும் நல்லதல்ல. குளிர்காலத்தில் வசிக்கும் அறைகளைக் குறைந்தது 18 பாகை வெப்பத்தில் வைத்திருக்கும்படி அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர். அதிலும் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம். ராத்தாவின் ரேடியேட்டர்களில் இரண்டு, கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருந்தன. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். ஒரு சின்னச் சாவியால் மேல் மூலைத் திருகைச் சற்றுத் தளர்த்தி, 'உஸ்' என்று காற்றுப் போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டோம். பொயிலரை மட்டும் நாங்கள் தொடவில்லை. எரிவாயு வேலையைப் பதிவு பெற்ற தொழிலாளி மட்டுமே செய்யலாம் என்பது அங்கே சட்டம்.

பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். இந்தக் காலத்து வீடுகளின் கீழ்த்தளம் பலகையால் ஆனது. அதன் அடியில் காற்றோட்டத்துக்காகச் சுவரின் அடிப்பாகத்தில் துளையுள்ள செங்கற்கள் பதித்திருப்பார்கள். பூப்பாத்தியின் மண் உயர்ந்து உயர்ந்து அவற்றில் ஒன்றை மூடியிருந்தது. மண்வெட்டியால் அரைமணி நேர வேலை. அப்படியே விட்டிருந்தால் பலகை உளுத்துப் போயிருக்கும். அடைத்துவிட்ட பழைய அடுப்பு வாயிலும் ஒரு சிறு காற்றுத்துளை இருக்கவேண்டும். நிலக்கரி எரித்த காலம் போய் வெப்பமூட்டி வந்தபின், பலர் அதை முற்றாக அடைத்துவிட்டார்கள். புகைக்கூட்டுக்குள் ஈரம் தேங்க அதுவும் ஒரு காரணம்.

சின்ன அறையின் மூலை

வாசலுக்கு மேலிருந்த சின்ன அறையில், அலுமாரிக்குப் பின்னால், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. கூரைப் பீலி இலையுதிர்காலச் சருகுகளால் அடைபட்டு, மழைநீர் பீலியை மீறிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து மழை, உள்ளிருந்து ஆவி, நடுவில் காற்றுப் படாத அலுமாரி!

பீலியைச் சுத்தம் செய்ய ஆள் பிடித்தோம். ஏணியில் ஏறுவதைக் காசுக்காக நீங்கள் செய்துவிடாதீர்கள். பூஞ்சணத்தை அதற்குரிய மருந்து நீரால் கழுவினோம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, யன்னலைத் திறந்து வைத்து, ஈரத் துணியால் துடைக்கவேண்டும். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் அதன் தூள் வீடெல்லாம் பரவும். குளோரின் கலந்த வெளுப்பானை அமோனியா, அமிலம் கலந்த வேறு எந்தச் சுத்திகரிப்பானோடும் சேர்க்கக்கூடாது. நச்சுவாயு உண்டாகும். ஒரு சதுர மீற்றரை விடப் பெரிய பூஞ்சணம் என்றால் அதை விபரம் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

கறுப்புப் போய்விட்டது. ஆனால் சுவர் உள்ளே ஊறியிருந்தது. இப்படி நனைந்த சுவர் முற்றாகக் காய மாதக்கணக்காகும். அதன் மேல் பெயின்ட் பூசினால் சில வாரங்களில் உப்பிக்கொண்டு வந்துவிடும்.

ராத்தாவின் மகன் கெட்டிக்காரப் பிள்ளை. உம்மா நட்டப்படக் கூடாதென்ற கவலை அவனுக்கு. "சாச்சி, கறையை மறைக்கிற பெயின்ட் ஒண்டு இருக்கு. ரெண்டு கை பூசிட்டு அலுமாரியத் திரும்ப அதிலேயே வச்சிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. வித்து முடியிற வரைக்கும் நிண்டாப் போதும்" என்றான் என்னிடம்.

நான் பதில் சொல்ல முன் ராத்தா சொன்னார்: "மகன், இந்த அறையிலதான் நீங்க ரெண்டு பேரும் தொட்டில்ல படுத்தீங்க. வாங்குறவங்களும் தங்கட புள்ளையக் கொண்டு வந்து இங்கதான் படுக்க வைப்பாங்க."

அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. இது வெறும் கற்பனைப் பயமல்ல, சகோதரிகளே! 2020 டிசம்பரில், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுப் பாலகன் சுவாசக் கோளாறால் உயிரிழந்தான். நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு செய்தது. அதன் பின் 2023இல் சமூக வீடமைப்புச் சட்டத்தில் 'அவாபின் சட்டம்' என்ற பெயரிலேயே ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சுவரில் தெரியும் ஒரு கறுப்பு மூலையின் பின்னால் எவ்வளவு இருக்கின்றது, பாருங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் இருந்ததைக் கண்ட நம் நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. அது தானியத்துக்கு மட்டும் உரியதன்று. சுவருக்கும் உரியது.

எனவே அலுமாரியை அகற்றி, அந்த மூலையைப் பூசாமலே விட்டோம். மற்றச் சுவர்களுக்கு வெள்ளை பூசினோம். பீலி அடைபட்டிருந்தபோது எடுத்த படத்தையும், அதைத் துப்புரவாக்கியதற்கான பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் வைத்தோம்.

ஐந்நூறு பவுண் எங்கே போனது?

கணக்கை அப்படியே தருகிறேன். வீடு எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகின்றது என்று காட்டும் சான்றிதழ் 65 பவுண். பொயிலர் பராமரிப்பு 95. பீலி 80. பெயின்ட், பூஞ்சண மருந்து, தூரிகைகள் 90. கம்பளம் கழுவும் இயந்திரத்தின் இரண்டு நாள் வாடகை 40. மின்குமிழ், குளியலறை ஓரங்களில் பூசும் பசை, சில்லறைச் சாமான்கள் 30. ஆக மொத்தம் 400 பவுண். மிகுதி நூறும், பார்க்க வருபவர்களுக்காக வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கு. குளிர்ந்த வீட்டுக்குள் நுழைந்தவர் மேல்சட்டையைக் கழற்றமாட்டார். மேல்சட்டையைக் கழற்றாதவர் அமர்ந்து பேசமாட்டார்.

அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கே வீட்டை விற்பனைக்கு விடமுடியாது. 'ஏ' முதல் 'ஜீ' வரை தரம் போடுவார்கள். ஒரு தடவை எடுத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ராத்தாவிடமிருந்தது காலாவதியாகிவிட்டது. உங்கள் உறவினர் யாராவது அங்கே வீடு விற்பதானால், காசு கட்டுமுன் அரசாங்கத்தின் பதிவேட்டில் பழைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகின்றதா என்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்லவேண்டும். வெளிச்சுவருக்குப் பெயின்ட் பூசவில்லை. குளிரிலும் ஈரத்திலும் அது சரியாகப் பிடிக்காது. புதுக் குசினி போடவில்லை. வாங்குகிறவர் தன் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார். கதவுகளின் பிடியை இறுக்கி, பழைய அலுமாரிகளைச் சவர்க்காரத்தால் கழுவியதோடு நிறுத்திக்கொண்டோம்.

முப்பது வருடப் பொருட்கள்

வேலைகளிலெல்லாம் கடினமானது சுத்தம் செய்வதல்ல, பிரிவது. ஊருக்கு அனுப்பவென்று வாங்கி அனுப்பாமல் விட்ட துணிகள், மூடியில்லாத பிளாஸ்ரிக் பெட்டிகள், விருந்தினருக்கென்று எடுத்துவைத்து ஒரு நாளும் வெளியில் எடுக்காத கோப்பைகள்! நம் பெண்களின் வீடு எந்த நாட்டில் இருந்தாலும் இப்படித்தான் இருக்கும் போலும்.

மூன்று குவியல் செய்தோம். கொண்டுபோவது, கொடுப்பது, எறிவது. தரும ஸ்தாபனங்களின் பழம்பொருள் கடைகள் அங்கே வீதிக்கு வீதி உண்டு. நல்ல தளபாடங்களை வீட்டுக்கே வந்து இலவசமாக ஏற்றிச் செல்லும் ஸ்தாபனங்களும் உள்ளன. எறிவதை ராத்தாவின் மகன் தன் காரில் நகரசபையின் கழிவு நிலையத்துக்கு நான்கு நடை கொண்டுபோனான். மச்சானின் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் மாத்திரம் எந்தக் குவியலிலும் சேரவில்லை. ராத்தா அவற்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் கேட்கவுமில்லை.

குசினி வாசனையைப் பற்றி ஒரு சொல். கறி வாசனையால் நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் பழகாதவருக்கு அது வீட்டின் நாற்றமாகத் தோன்றலாம். கருவாடு பொரிப்பதையும் மீன் தாளிப்பதையும் ஆட்கள் வரும் நாளுக்கு முதல் நாளே நிறுத்தினோம். திரைச்சீலையும் கம்பளமும் கழுவியதும் பாதி வாசனை போய்விட்டது. வாசனைத் திரவியம் எதுவும் தெளிக்கவில்லை. தெளித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வருபவர் நினைப்பார்.

கோப்பும் சட்டமும்

இரவு நேரங்களில் கடதாசிகளைத் தேடினோம். யன்னல் மாற்றியதற்கான சான்றிதழ், மின்சார வேலைக்கான சான்றிதழ், பின்புறத்தில் கூட்டிக் கட்டியதற்கான அனுமதி, பொயிலர் பராமரிப்புப் பதிவு, மச்சானின் மரணச் சான்றிதழ். இவை முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால் வீடு பேசி முடித்த பின்னும் வாரக்கணக்கில் இழுபடும்.

இங்கிலாந்தில் வாங்குபவர் விலை பேசி, விற்பவர் சம்மதித்தாலும் அது முடிந்த காரியமல்ல. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் ஒப்பந்தங்களைப் பரிமாறும்வரை எவரும் விலகிக்கொள்ளலாம். பரிமாறும்போது வழக்கமாக நூற்றுக்குப் பத்து வீதம் முற்பணம் கட்டப்படும். அதன் பின்தான் பிடி இறுகுகின்றது. ஸ்கொட்லாந்திலே முறை வேறு. அங்கே இரு சட்டத்தரணிகளுக்கிடையிலான கடிதங்கள் பூரணமானதும் உடன்பாடு கட்டுப்படுத்திவிடும்.

விற்பவர் வீட்டைப் பற்றி ஒரு நீண்ட விபரப் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அதில் தெரிந்தே பொய் எழுதினால், விற்று முடிந்த பின்னும் வாங்கியவர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். ராத்தா சின்ன அறையின் மூலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினார்.

வந்தவர்கள்

ஜனவரியில் ஆட்கள் வரத் தொடங்கினர். குளிர்காலத்தில் வீடு பார்க்கக் கூட்டம் வராது. ஆனால் வருபவர் பொழுதுபோக்குக்காக வரமாட்டார் என்று தரகர் சொன்னது சரியாகவே இருந்தது.

முதலில் வந்த தம்பதியருக்கு வீடு நன்றாகப் பிடித்திருந்தது. சின்ன அறையைக் காட்டி ராத்தா விபரம் சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பதிலே வரவில்லை. ராத்தாவின் மகனின் முகம் அன்றிரவு வாடியிருந்தது. இரண்டாவதாக வந்தவர் அந்த மூலையைக் காரணம் காட்டி மிகக் குறைந்த விலை கேட்டார். ராத்தா மறுத்துவிட்டார். மாடி வீட்டுக்காரரிடமிருந்து, இன்னும் எத்தனை நாள் என்று இரண்டு தடவை தொலைபேசி வந்தது. நாங்கள் வாய்திறந்து சொல்லாவிட்டாலும், அந்த அலுமாரியை அதே இடத்தில் வைத்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமே என்ற எண்ணம் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

மாதக் கடைசியில் கைக்குழந்தையோடு ஓர் இளம் குடும்பம் வந்தது. கணவர் மூலையைத் தொட்டுப் பார்த்தார். மனைவி கோப்பைப் புரட்டினாள். பீலியின் படத்தையும் பற்றுச்சீட்டையும் இரண்டு தடவை பார்த்தாள். அடுத்த வாரம் தங்கள் செலவில் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார்கள். அவர் ஈரமானியைச் சுவர் சுவராக வைத்து அளந்தார். ராத்தா சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் அது ஈரம் காட்டவில்லை. சொன்ன இடத்திலும், காரணம் நீக்கப்பட்டுவிட்டது, காய்ந்த பின் பூசினால் போதும் என்றுதான் அறிக்கை வந்தது. கேட்ட விலையில் சிறு தொகை குறைத்துப் பேசி முடிந்தது.

நான் ஊர் திரும்பிய பிறகு, ஏப்ரல் மாதத்தில், மரங்கள் துளிர்த்திருந்த ஒரு நாளில் சாவி கைமாறியது. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. குறைத்த தொகை ராத்தாவின் பங்கிலும் விழுந்ததால், மாடி வீட்டுக்குப் புதுத் தளபாடம் வாங்குவதை அவர் கைவிட்டார். பழைய மேசையே போதுமென்று சொன்னாராம். ஜூன் மாதத்தில் அந்த இளம் தாய் அவருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். சின்ன அறையின் மூலை காய்ந்து, மஞ்சள் பூசப்பட்டு, அதன் அருகே ஒரு தொட்டில். படத்தைப் பார்த்த மகன் ஒன்றும் பேசவில்லையாம். தன் தொலைபேசிக்கும் அதை அனுப்பச் சொன்னானாம்.

நம் ஊர் வீடுகளுக்கு

இதெல்லாம் சீமையில் நடப்பது, நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் பனிமூட்ட மாதங்களில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கே மாரி மழையில் பீலி அடைபட்டுச் சுவர் ஊறுவதும் புதிதல்ல. முறை ஒன்றுதான். முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். பின்பு காற்று வரும் வழியைத் திறவுங்கள். பெயின்ட் வாளியைக் கடைசியில் திறந்தால் போதும்.

உறுதி, அளவைப்படம், ஆதனவரிப் பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி ஆகியவற்றின் பிரதிகளை ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கின்றது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். கணவரின் பெட்டியில் என்ன இருக்கின்றது என்று இத்தாவுக்குப் பிறகு தேடத் தொடங்குவது எவ்வளவு பாரம் என்பதை ராத்தாவிடம் கேட்டால் சொல்வார்.

வீடு பார்க்க வருபவரிடம் அதன் நல்லதைச் சொல்லும் அதே வாயால் குறையையும் சொல்லிவிடுங்கள். விலை சிறிது குறையலாம், நாள் சிறிது நீளலாம். சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமில்லாமல் இருக்கும்.